ஊசல் சொன்னால் போல்ட் தாங்கும்

காலை ஏழு மணிக்கே ஆலை வாசலில் கூட்டம் அலைமோதியது. வேலை கேட்டு வந்த கூட்டம் இல்லை. உலோக ஞானி வருகிற வெள்ளிக்கிழமை அது. ஒருவர் தண்ணீர் மோட்டாரின் வால்வைக் கையில் பிடித்திருந்தார். இன்னொருவர் காரின் ஸ்டியரிங்கையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். வீடு திரும்ப என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மாமனார் மருமகனை இழுத்து வந்து வரிசையில் நிறுத்தியிருந்தார். உலோகம் மட்டும்தான் பார்க்கப்படும் என்று காவலாளி திருப்பி அனுப்பினார். மருமகன் நிம்மதியாகப் போனான்.

ஆலைக்குள் செய்வது விமான போல்ட். விமானம் தரையிறங்கும்போது மொத்த எடையையும் தாங்குகிற சக்கரக் கால்களைப் பிடித்து நிறுத்தும் போல்ட். அதில் தலைமுடி அளவு விரிசல் இருந்தால் போதும், மற்றதைத் தரை பார்த்துக்கொள்ளும்.

அதை ஞானி எப்படிச் சோதிப்பார்? நூலில் கட்டிய பித்தளைக் குண்டை போல்ட்டின் மேல் பிடிப்பார். கண்ணை மூடுவார். இடது கைக் கட்டைவிரலால் மரையை மெல்ல வருடி அதன் மனசைக் கேட்பார். குண்டு வட்டமடித்தால் உயிருள்ள உலோகம். தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டப்படும். குறுக்கே ஆடினால் சாகப்போகிற உலோகம். உலோகத்துக்கு மனசு உண்டு என்று கண்டுபிடித்தவருக்கு மனசாட்சி உண்டா என்று யாரும் ஊசல் பிடித்துப் பார்க்கவில்லை.

இந்தக் கூத்தை ஆறு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்து வந்தவள் ஆலையின் தரப் பரிசோதகர். எதையும் இரண்டு தரம் உற்றுப் பார்ப்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் அவள் கையைத் தாண்டாமல் ஒரு போல்ட்டும் வெளியே போகாது. சிவப்புச் சாயம் பூசுவாள். இருபது நிமிடம் ஊறவிட்டுத் துடைப்பாள். மேலே வெள்ளைப் பவுடர் தெளிப்பாள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் பவுடர் மேல் சிவப்புக் கோடாக எழும்பி வரும். கோடு இல்லாததைக் கழுவி, எண்ணெய் பூசிப் பெட்டியில் வைப்பாள். கோடு விழுந்ததை அப்படியே, உருக்கப் போகிற கழிவுக்கான சிவப்புத் தொட்டியில் போடுவாள்.

ஒரு பெட்டிக்கு இரண்டு நாள் ஆகும். ஞானிக்கு அரை மணி நேரம் போதும். முதல் நாள் பத்து போல்ட் வைத்த தட்டில் கெட்ட மூன்றையும் ஞானி பிசகாமல் எடுத்துக் கொடுத்ததும் முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே அவளுடைய சோதனை அறை ஞானியின் தியான அறையானது. பூதக்கண்ணாடி பெட்டிகளுக்கு முகவரி எழுதும் வேலைக்கு உயர்த்தப்பட்டாள்.

அடுத்த புதன்கிழமை சாப்பிடும்போது அவள் கணவன் சொன்னான். விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் அவன் மெக்கானிக்.

"திங்கக்கிழமை ஒரு விமானத்துக்குச் சோதனைப் பறப்பு. உங்க போல்ட்டுதான் மாட்டப் போறேன். வெள்ளிக்கிழமை பெட்டி வருதாம்."

"நீங்களும் ஏறணுமா?"

"மாட்டினவன் முதல்ல ஏறணும். அதானே எங்க கொட்டகை வழக்கம். ஏன், உங்க சரக்கு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

ஆறு மாதமாக அவளுக்கு இருந்தது எரிச்சல். அன்று வந்தது பயம்.

மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"சார், நாளைக்குப் போற பெட்டியை மட்டும் ஒரு தடவை சாயம் போட்டுப் பார்த்துடறேன்."

"ஆறு மாசத்துல ஞானி ஒரு போல்ட்டையாவது கெட்டதுன்னு தள்ளினாராம்மா?"

"அதுதான் சார் பயமா இருக்கு. முன்னாடி நூத்துக்கு ரெண்டு மூணு தேறாது. எஃகு திடீர்னு திருந்திடுச்சா?"

"ஞானி காலடி பட்டதும் உலோகத்துக்கே புத்தி வந்துடுச்சு. உனக்குத்தான் இன்னும் வரல. நாளைக்கு விமானக் கம்பெனி அதிகாரி வர்றாரு. முதல் நாள் வச்ச மாதிரியே தட்டு ஒண்ணு தயார் பண்ணு. ஏழு நல்லது, மூணு கெட்டது. போ."

முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சிவப்புத் தொட்டியில் கையை விட்டாள். பழைய கழிவு இன்னும் கிடந்தது. மூன்றை எடுத்துத் தட்டில் வைத்தவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். தொட்டியில் உரசி வெளியே தெரிந்த பவுடரும் கோடும் உதிர்ந்திருந்தாலும், மரைக்குள் ஒளிந்திருந்த வெள்ளைப் பவுடர் விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

முதல் நாள் காட்சி முடிந்ததும் ஞானி கட்டைவிரலைக் கைக்குட்டையில் துடைத்தது ஞாபகம் வந்தது. அந்தக் கைக்குட்டையிலும் வெள்ளைத் தடம் இருந்தது. உருகப் போகிற கழிவை யார் கழுவுவார்கள்? நல்ல போல்ட் எண்ணெயில் வழுக்கும். கெட்டது பவுடரோடு நறநறக்கும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார். அன்று அந்தத் தட்டை அடுக்கிக் கொடுத்தவளும் அவளேதான். சிரிப்பு வந்தது. அதைவிட அதிகமாகத் தன் மேலேயே கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பூதக்கண்ணாடி அவரிடம் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தாள்.

"கெட்ட மூணு போல்ட்டோட நம்பர் இதுல இருக்கு சார். கடைசியில பிரிங்க."

ஞானி கண்ணை மூடினார். கட்டைவிரல் ஊர்ந்தது. நூல் ஆடியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மூன்று போல்ட்டுகளைத் தனியே தள்ளினார்.

"இதுங்க அழுவுது. என் காதுல கேக்குது."

முதலாளி முதல் ஆளாகக் கைதட்டினார். மீதி ஏழுக்கும் தங்க ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

"பத்தையும் சாயம் போட்டுக் காட்டறேன். இருபது நிமிஷம்தான்" என்றாள் அவள்.

"சந்தேகம் இருக்கிற இடத்துல அலை கலங்கிடும். நான் கிளம்பறேன்" என்றார் ஞானி.

"விமானத்துல முந்நூறு பேர் ஏறுவாங்க ஐயா. அதுல ஒருத்தருக்குச் சந்தேகம் வந்தா போல்ட் உடைஞ்சிடுமா?"

"உக்காருங்க ஞானி, நானும் இருக்கேன்" என்றார் அதிகாரி.

அந்த இருபது நிமிடத்தில் ஞானிக்கு மூன்று முறை அவசர போன் வந்தது. ஒன்றுகூட மணி அடித்து வரவில்லை. அவள் சாயத்தைத் துடைத்தாள். பவுடரைத் தெளித்தாள். ஞானி தள்ளிவைத்த மூன்றும் வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஸ்டிக்கர் ஒட்டிய ஏழில் மூன்றின் மேல் சிவப்புக் கோடு மெல்ல எழும்பியது. ஒன்று தங்க ஸ்டிக்கரின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அதிகாரி உறையைப் பிரித்தார். கோடு விழுந்த மூன்றின் எண்களும் அதில் இருந்தன.

"கெட்டதைக் கழுவி எண்ணெய் போட்டேன். நல்லதுல மூணுக்கு மரைக்குள்ள பவுடர் தடவி வச்சேன். அவ்வளவுதான் சார். அன்னைக்கும் ஐயா உலோகத்தோட மனசைப் படிக்கல. என் சோதனையைத்தான் விரலால படிச்சாரு. சோதனையை நிறுத்தினதும் அவருக்குப் படிக்க ஒண்ணுமில்ல. அதான் ஆறு மாசமா எல்லாமே தேறிடுச்சு."

"தட்டுல சூது நடந்திருக்கு. பெட்டியில நான் பார்த்து வச்சது அத்தனையும் உயிருள்ளது" என்றார் ஞானி, குரலை உயர்த்தி.

"சந்தோஷம். அப்போ அதையே மாட்டிடலாம்" என்றார் அதிகாரி. "திங்கக்கிழமை இந்தம்மா வீட்டுக்காரரோட நீங்களும் ஏறிடுங்க. ஜன்னலோர சீட்டே தர்றேன்."

ஞானி எழுந்துவிட்டார். "எனக்கு ஆகாயம் ஒத்துக்காது. எங்க போனாலும் ரயில்தான்."

பித்தளைக் குண்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

அதிகாரி அங்கேயே உட்கார்ந்து போன் மேல் போன் போட்டார். தங்க ஸ்டிக்கரோடு போன போல்ட் மாட்டிய விமானங்கள் எல்லாம் அன்று மாலைக்குள் தரையில் நிறுத்தப்பட்டன. முதலாளி தியான அறையின் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பூதக்கண்ணாடி, கணவனின் கொட்டகைக்குப் போக இருந்த பெட்டியைச் சாயத்தில் போட்டாள். நூற்றிருபதில் நான்கு தேறவில்லை. தேறியவற்றில் கணவனுக்கு வேண்டியதைத் தன் கையாலேயே எடுத்து வைத்தாள். திங்கட்கிழமை அவன் ஏறினான், இறங்கினான், வீட்டுக்கு வந்து பசிக்கிறது என்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வாசலில் கூட்டம் நின்றது. ஞானி வரமாட்டார் என்று காவலாளி சொன்னார். ஸ்டியரிங்காரர் கேட்டார்:

"அப்போ அவருக்குப் பதிலா வேற யாரு வர்றாங்க?"

அந்த ஊசலை ஊர் நம்பியது, முதலாளி நம்பினார், ஆலையின் படித்த இன்ஜினியர்கள் நம்பினார்கள். அதை ஒரு நாளும் நம்பாமல், தன் உயிரை அதில் தொங்கவிடாமல், பத்திரமாக ரயிலில் போய் வந்தவர் ஞானி மட்டும்தான். மூளையை அவர் ஒருவரே உபயோகித்துக்கொண்டிருந்தால் எப்படி? மற்றவர்களும் கொஞ்சம் எடுத்து உபயோகிக்கலாம். அதற்கு ஸ்டிக்கர் தேவையில்லை.