மதராசிலிருந்து திருச்சிக்கு நாற்பது நிமிடம்

கணக்கில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவளுக்கு ஆண்டவன் என்றைக்காவது ஒருநாள் ஆப்பு வைப்பான். எனக்கு ஆகாயத்தில் வைத்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று நான்கு வருடம் இருக்கும். என் கணவர் திருச்சியில் வேலைக்குச் சேர்ந்து வீடும் பார்த்துவிட்டார். நானும் மாமியாரும் புதுச்சேரியை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மாமியாரின் அண்ணன் சைகோனிலிருந்து விடுமுறைக்கு வந்தார்.

"என் தங்கச்சி ரயில்ல குலுங்கிக்கினு போறதா? ஏரோப்ளேன்ல போவட்டும்!" என்று இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டார். (தெற்கே இருக்கும் திருச்சிக்குப் போக, பஸ்ஸில் குலுங்கிக்கொண்டே வடக்கே மதராசுக்குப் போனோம். சைகோன்காரரிடம் யார் வாயைக் கொடுப்பது?)

மாமியாருக்கு உயிர்பயம். தைரியம் சொல்லும் பொறுப்பு என்னுடையது. மீனம்பாக்கத்தில் டிக்கெட் பார்த்தவரிடம் திருச்சி எவ்வளவு தூரம் என்றேன். "நூத்தித் தொண்ணூறு" என்றார். விமானம் மணிக்கு இருநூற்றெண்பது கிலோமீட்டர் போகும் என்று ஏதோ பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்திருந்தேன். மனதுக்குள்ளேயே வகுத்தேன்.

"நாப்பதே நிமிஷம் அத்தை. கடியாரத்தப் பாத்துக்கினே இருங்க, வந்துடும்."

பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது ஆனது. விமானம் இறங்குகிற வழியாக இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெறும் மேகம்.

"ஏம்மா, வழி தப்பிட்டானா?"

ஐம்பது நிமிடமும் ஆனது. கணக்கு தப்பாக இருக்குமோ என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. (பிரெஞ்சுப் பள்ளியில் செர்த்திபிகா பரீட்சை எழுதி, கணக்கில் முதலாவது வந்தவள் அல்லவா!) ஆகவே தப்பு விமானத்தில்தான். கடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறோம், பெட்ரோல் தீர்ந்ததும் விழப்போகிறோம். பணிப்பெண் சிரித்தபடி மிட்டாய்த் தட்டை நீட்டினாள். கடைசி ஆசை கேட்கிறாள் என்றே நினைத்தேன்.

அப்போது விமானம் தொபுக்கென்று ஒருமுறை விழுந்து எழுந்தது. நான் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

"சாவறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் அத்தை. உங்க புள்ள ஒவ்வொரு கடுதாசியிலயும், 'அம்மா நம்மகூடவே இருந்துடட்டும்'னு எழுதினாரு. படிச்சிக் காட்டறப்போ நான்தான் அந்த வரிய விட்டுட்டேன். பத்து நாள் இருந்துட்டுத் திரும்பிடுவீங்கன்னு..."

படிக்கத் தெரியாத அந்த அம்மாள் என்னையே பார்த்தார்.

அறுபத்தைந்தாவது நிமிடத்தில் விமானம் சாதுவாகத் திருச்சியில் இறங்கியது. சாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது.

வரவேற்க வந்த கணவர் என் கணக்கைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அவரு சொன்னது மைலுடி! நம்ம ஊரு மாதிரி இவங்க கிலோமீட்டர எங்க கண்டாங்க?" பிறகு அம்மாவிடம் திரும்பினார். "பிரயாணம் எப்படிம்மா?"

இதோ சொல்லப்போகிறார், என் குடித்தனம் இந்த வாசலிலேயே முடிந்தது.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றார் மாமியார். "இனிமே நான் இங்கயே இருந்துடணுமாம். உன் பொண்டாட்டி வழியெல்லாம் அழுது அழுது கேட்டா. சரின்னுட்டேன்."

கணவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு உருக்கம். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

பதினேழு வருடம் எங்களோடு இருந்தார். நான் எதையாவது மூடி மறைக்கப் பார்த்தால் போதும், எல்லார் முன்னாலும், "ஏம்மா, ஏரோப்ளேன்ல போலாமா?" என்பார். அம்மாவுக்கு ஏரோப்ளேன் ஆசை இன்னும் விடவில்லை என்று கணவர் சிரிப்பார். காரணம் தெரியாமலே என் பிள்ளைகள் இன்றும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன், எங்கே காரணத்தைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடு.