பாய்லர் இன்ஸ்பெக்டர் பேத்தி கண்ட விதம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, பணி ஓய்வு பெற்ற பாய்லர் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கையும் நலம். உங்கள் மூட்டுவலியும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

"இரும்புக்கு பிரஷர் பார்த்த மனுஷன் பொண்ணுக்குப் பார்க்க வேண்டாம்" என்று போனில் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, நேற்றுக் காலை பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம். ஜெயித்தது நான்!

ஏழாம் மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கியது, தலைவலி வேறு. நானோ புது பிரஷர் மிஷின் வாங்கி, தினம் மூன்று வேளை அவள் கையில் கட்டி, மிஷினை ஒரு தட்டுத் தட்டி, எந்த மீட்டரும் கூட்டித்தான் காட்டும் என்று முப்பத்தோரு வருஷப் பழக்கப்படி பத்தைக் கழித்து நோட்டில் எழுதி வந்தேன். எல்லாம் நார்மல். டாக்டரம்மா நோட்டைப் புரட்டாமலேயே ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் இரண்டு புரதங்களை விடுமாம், அது திணறினால் ஒன்று ஏறி மற்றது இறங்குமாம், இரண்டையும் ஒப்பிட்டால் வரும் வாரங்களில் பிரஷர் எகிறும் ஆபத்து உண்டா என்று தெரியுமாம். விஞ்ஞானம்னா எனக்கு உயிராச்சே, எடுத்தே ஆகணும்னு ஒற்றைக் காலில் நின்றேன். ரிப்போர்ட் வந்தது: ஆபத்து அதிகம். அப்புறம் வாரம் ரெண்டு தடவை செக்கப், எட்டாம் மாசக் கடைசியில ஆஸ்பத்திரியிலேயே படுக்கை. முந்தாநாள் பிரஷர் நூற்றறுபதைத் தாண்டிடுச்சு! வீட்டுல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்! ஆனா எல்லாரும் தயாரா நின்னாங்க, ஊசி போட்டாங்க, ஆபரேஷன் பண்ணினாங்க, பாப்பா ரெண்டே கால் கிலோ, அழுத அழுகையில நர்ஸம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க.

யார் பிரஷர் பார்க்கலாம் என்பதை இனித் தாங்களே முடிவு செய்யவும். பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி, தங்களுக்கு என் மன்னிப்பு.

பி.கு.: அண்ணா, தபாலில் போடச் சொல்லி என்கிட்ட கொடுத்தார், பிரிச்சுப் படிச்சிட்டேன். "ரத்தம் என்ன ஜோசியமா சொல்லும்?"னு அந்தச் சீட்டை நோட்டுக்குள்ள வச்சு மூடினவரே இவர்தான். துணி எடுக்கப் போறோம்னு சொல்லி நான்தான் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் ரத்தம் கொடுக்க வச்சேன். மிஷின் சரியாத்தான் காட்டுதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இவர் கழிச்ச பத்தைக் கூட்டிப் பார்த்தா, ஏறினது நோட்டுலயே இருக்கு. திட்டாதீங்க. ஆபரேஷன் முடியற வரைக்கும் வராந்தாவுல உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணா அடிச்சுத் திருத்திக்கிட்டே அழுதார். இன்னிக்கு அவர் கையில நானே கட்டிப் பார்த்தேன், நூற்று நாற்பத்தெட்டு. "பத்தைக் கழி"ங்கிறார். நீங்க போன் பண்ணி, "உங்களுக்கெல்லாம் பிரஷரே கிடையாது"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களைப் பொய்யாக்கறதுக்காவது டாக்டர்கிட்ட ஓடுவார்.