வேணாம் பாயும் எங்கள் படுக்கையறைச் சுவரும்

திருவண்ணாமலையில் பெயிண்டர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பெயிண்ட் அடிக்க மாட்டேன் என்று சொல்வதையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவர் ஒருவர்தான். ஊரில் அவருக்கு வேணாம் பாய் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் ஆசையாகக் கலர் அட்டையை நீட்டுவார். பாய் அதை வாங்கி அக்குளில் செருகிக்கொண்டு நேராகச் சுவரிடம் போவார். கன்னத்தை அதில் வைத்துக் கண்ணை மூடுவார். மூக்கால் இரண்டு இழுப்பு இழுப்பார். பிறகு, "வேணாம் சார். செவுரு காயல" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எங்கள் தெருவில் அவர் முதல்முறை இப்படி நின்றதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, யாரோ மந்திரிக்க வந்திருக்கிறார் என்றே நினைத்துவிட்டார்.

"பாய், அப்பிடியே எங்க வூட்டுக்கும் வந்து பாத்துட்டுப் போங்க. ஒரே ஒடம்பு சரியில்லாமலே கெடக்குறோம்."

பாயும் போனார். வீடு முழுக்க முகர்ந்துவிட்டுக் குளியலறையிலிருந்து வெளியே வந்தார்.

"பேயெல்லாம் இல்லமா, பாசிதான். அந்த ஜன்னல மொதல்ல தொறந்து வைங்க."

செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒருவர், மொட்டை மாடிக்கு அடர் சிவப்பு அடிக்கச் சொன்னார். போட்டோவில் மலைக்கு எடுப்பாக இருக்குமாம். பாய் பாதி மாடிக்குச் சிவப்பும் பாதிக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் அடித்துவிட்டு, மறுநாள் உச்சி வெயிலில் அவரை வரச்சொன்னார்.

"செருப்ப கழட்டிட்டு நடங்க சார்."

வெள்ளையில் கம்பீரமாக நடந்தவர், சிவப்பில் கால் வைத்ததும் குதித்த குதி இருக்கிறதே, கீழ் அறையில் தியானத்தில் இருந்த பெண்மணி கண்ணைத் திறந்துவிட்டாராம். "உங்களுக்கே இப்பிடின்னா, கீழ படுத்துகினு இருக்கறவங்க ஏசிய எப்பிடி அணைப்பாங்க?" என்று கேட்டார் பாய். அந்த மாடி முழுவதும் இப்போது வெள்ளைதான்.

இப்படிப்பட்டவரை என் வீட்டுக்குக் கூப்பிட்டது நானில்லை, என் மனைவி கலா. எங்கள் மகள் யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. மழைக்காலம் வந்தால் அவள் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். மருந்தைப் புகையாக்கி மூச்சோடு இழுக்கும் சின்ன மெஷின் ஒன்று கட்டிலுக்கடியிலேயே இருந்தது. தலையணையை மாற்றினோம், தெருநாய்க்குச் சோறு வைப்பதை நிறுத்தினோம். விசில் மட்டும் நிற்கவில்லை.

எனக்கு அப்போது வேறு கவலை. கார்த்திகை தீபத்துக்குச் சென்னையிலிருந்து தங்கை குடும்பத்தோடு வருகிறாள். படுக்கையறைச் சுவர் கறைபிடித்துக் கிடக்கிறது. பாய் வந்தார். நாங்கள் குடிவந்த நாள் முதல் நகர்த்தாத பீரோவை ஒரு முழம் நகர்த்தச் சொன்னார். கன்னத்தை வைத்தார். எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"வேணாம் சார். உள்ள தண்ணி ஓடுது. செவுத்த ஒடைக்கணும்."

"தீபத்துக்கு இருபது நாள்தான் இருக்கு பாய். இப்ப அடிச்சு விடுங்க, மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

"ஜொரம் வந்தவனுக்குப் பவுடர் பூசுனா சரியாயிடுமா?"

"நீங்க பெயிண்ட் அடிக்க வந்தீங்களா, ஆராய்ச்சி பண்ண வந்தீங்களா?"

பாய் கலர் அட்டையை மேஜைமேல் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "பாப்பாவ மட்டும் அந்த ரூம்ல படுக்க வெக்காதீங்க" என்றார். என் வீட்டில் யார் எங்கே படுப்பது என்று இவர் யார் சொல்வது? எனக்கு வந்த கோபத்தில் அன்றே வேறு பெயிண்டரைப் பிடித்தேன். இரண்டே நாளில் லாவெண்டர் நிறத்தில் அறை ஜொலித்தது. வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

பத்தாவது நாள் சுவர் அப்பளம்போலப் பொரிந்தது. பதினோராம் நாள் யாழினியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உதடு நீலம்பாரித்துப் போயிருந்தது. "வீட்ல ஈரம் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர். பொரிந்த சுவரைப் பற்றிச் சொன்னேன். கலா என்னைத் திட்டவில்லை. வெளியே போய் பாய்க்குப் போன் செய்தாள்.

அவருக்கு வீட்டைத் திறந்துவிட நான் போனேன். அன்னிக்கே சொன்னேனே என்று பாய் ஆரம்பிப்பார் என்று தயாராக இருந்தேன். "பாப்பா எப்பிடி இருக்குது?" என்று மட்டும் கேட்டார். பிறகு மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டார். எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சாயங்காலம் வந்து பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது.

"இத யாரு குடிச்சது? உங்க செவுருதான். தெனம் ரெண்டு வாட்டி மோட்டார் ஓடுதே, கரண்டு ஜாஸ்தி ஆவுதேன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா சார்?"

மறுநாள் உளியை வைத்தார். பக்கத்துக் குளியலறைக்குப் போகும் பைப், இணைப்பில் கசிந்துகொண்டிருந்தது. பீரோவை முழுதாக இழுத்துப் போட்டால், அதன் முதுகில் தோசைக்கல் அகலத்துக்குக் கறுப்புப் பூஞ்சை. அந்த பீரோ ஆறு வருடமாக ஒரு ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றதும் அப்போதுதான் உறைத்தது. ஜன்னலைத் திறந்தோம். மலை தெரிந்தது.

தீபத்துக்குத் தங்கை வந்தபோது லாவெண்டரும் இல்லை, பூச்சும் இல்லை. செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. "என்னண்ணா, வூட்ட இப்பிடி வெச்சிகினு இருக்க?" என்றாள். "காயுது" என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து, வெள்ளை ஜிப்பாவோடு பாய் வருவார். கன்னத்தைச் சுவரில் வைப்பார். "இன்னும் ஈரம் கம்மியாவல சார்" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போவார். பூச்சு வேலை பொங்கலுக்கு முன்னால் முடிந்தது. பெயிண்ட் டப்பா மாசியில்தான் திறந்தது. மோட்டார் இப்போது ஒரு வேளைதான் ஓடுகிறது. மெஷின் பரண்மேல் இருக்கிறது. அடுத்த மழைக்காலத்தில் அதை ஒரே ஒரு முறை இறக்கினோம்.

போன மாதம் பள்ளியில் விளையாட்டு விழா. யாழினி ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். எங்களைக் கேட்காமல் அவளே பாய்க்கும் போன் செய்துவிட்டாள். அதே வெள்ளை ஜிப்பாவில் வந்து, பெற்றோர்கள் வரிசையில் கலாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஆறு பேர் ஓடினார்கள். யாழினி ஐந்தாவதாக வந்தாள். பாய் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்தவர்கள், தங்கப்பதக்கம் எங்களுக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

வியர்க்க வியர்க்க ஓடிவந்தவளிடம் மெதுவாகக் கேட்டார்: "மூச்சு வாங்குதா பாப்பா?"

"ஓடுனா எல்லாருக்குந்தான் பாய் வாங்கும்!" என்று சொல்லிவிட்டு அவள் தோழிகளிடம் ஓடிவிட்டாள்.

பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் ஜாஸ்தி என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த பந்தயம் முடியும்வரை விடவில்லை.