ரசப் பொடியும் ஒரு டிக்கும்

ஏலூரிலிருந்து வந்த ஒரு போன்தான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது.

"சேச்சி, நான் ஆர்டர் போட்டது ரசப் பொடி. பில்லுல பாதரசத் தூள்னு வந்திருக்கு. எங்க பேக்டரியில கையுறை போடாம அதைத் தொட விடமாட்டாங்க. நீங்க எப்படிச் சோத்துல ஊத்திச் சாப்பிடுறீங்க?"

பாக்கியலக்ஷ்மிக்கு முகம் சுருங்கிவிட்டது. மட்டாஞ்சேரியில் அவள் கைப்பொடிக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பித்தான் ஆன்லைன் கடையே ஆரம்பித்தாள். வாங்குகிறவர் எந்த மொழிக்காரரோ அந்த மொழியில் பில்லை மாற்றித் தர ஒரு பிளகினும் போட்டிருந்தாள். அது பாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. போன வாரம் அப்டேட் ஆனதும் அதற்குப் புத்தி பேதலித்துவிட்டது. சரக்கு, ஆள் என்று பார்க்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் மொழிபெயர்த்தது. பள்ளுருத்தி செல்லதுரை, மலையாள பில்லில் 'ஓமன சாயிப்பு' ஆனார். செல்லமான வெள்ளைக்காரர் என்று அர்த்தம். உங்களை ஓமனே என்று கொஞ்சுகிறவள் எவள் என்று கேட்டு, அவர் மனைவி இரண்டு நாள் அவருக்குச் சோறு போடவில்லை.

"கவலைப்படாதே பாக்கியம். நான் சரி பண்றேன்!" என்றார் அவள் கணவர் சங்கரலிங்கம். வேட்டியை மடித்துக் கட்டினார். போருக்குப் போகிறவர் மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

போர் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. 'பெயர்களையும் சரக்குகளையும் மொழிபெயர்க்க வேண்டாம்' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டம். அதில் ஒரு டிக் போட்டார். போட்டால் ரசம். எடுத்தால் பாதரசம். அவ்வளவுதான் விஷயம்.

வெற்றிச் செய்தி சொல்ல அடுப்படிப் பக்கம் திரும்பினார். மணி மூன்று. பாக்கியலக்ஷ்மி மூட்டை மிளகாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"பாவம், கண்ணு சிவக்கப் பார்த்துட்டிருக்கீங்க. புரியலேன்னா பஷீர் அண்ணன் கடை கம்ப்யூட்டர்ல போய்ப் பாருங்களேன். இல்லேன்னா இங்க வந்து மிளகாய் வறுங்க."

சங்கரலிங்கம் மிளகாயைப் பார்த்தார். டிக்கைப் பார்த்தார். டிக்கை எடுத்துவிட்டார்.

"ரொம்பச் சிக்கலான கேஸு, பாக்கியம். தினமும் போய்ப் பார்க்க வேண்டி வரும்." அடுத்த இரண்டொரு நாள் டிக் தானாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது; அதுவும் அப்டேட் கோளாறுதான் என்று எடுத்துவிட்டுக் கிளம்பினார்.

யூதர் தெருவான ஜூ டவுனில் பஷீருக்குப் பழம்பொருள் கடை. அங்கே கம்ப்யூட்டர் இருந்தது நிஜம். அதுவும் விற்பனைக்கு வைத்த பழம்பொருள்தான். அதன் மேல் பித்தளை விளக்குகள் அடுக்கியிருந்தன. ஓடிக்கொண்டிருந்தது பின்கட்டில் இருந்த கேரம் போர்டு மட்டும்தான். மூன்றிலிருந்து ஐந்து வரை சாயா, பழம்பொரி, கேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்காக சங்கரலிங்கம் எதையும் கொடுப்பார். பாதரசத்தையே கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படியே சொர்க்கத்தில் இருக்கும்போதுதான் போன் அடிக்க ஆரம்பித்தது.

அன்றைக்குச் சிவப்புக் காய் குழியின் வாயில் நின்றது. ஸ்டிரைக்கரைக் குறி பார்த்தார். ட்ரிங்!

"சங்கரலிங்கம் சேட்டனல்லே?" ஒரு பெண்குரல், உற்சாகமாக. "பில்லில தெற்று உண்டு கேட்டோ! கறிவேப்பிலைப் பொடிக்கு, இறைச்சியும் வேப்பிலையும் கலந்ததுன்னு வந்திருக்கு."

"சிவ சிவா! சரி பண்றேம்மா."

"அப்போ அனுப்பிடுவீங்கல்ல?"

"அனுப்புறேன், அனுப்புறேன்." புது பில்லைத்தான் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார்.

மறுபடி குறி பார்த்தார். ட்ரிங்! "அண்ணாச்சி, ஓமன சாயிப்பு பேசுறேன். எனக்கும் அனுப்பிடுங்க!" செல்லதுரை சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். ட்ரிங்! யாரோ ஒரு சிஸ்டர். ட்ரிங்! ஒரு ஆட்டோக்காரர். எல்லோருக்கும் ஒரே குஷி. எல்லோருக்கும் 'அனுப்புறேன்.' மறுநாள் அதற்கு மேல். திட்டுவதற்குக் கூப்பிட்டால்கூடப் புரியும். தப்பான பில் வந்ததற்கு இவர்கள் ஏன் லாட்டரி விழுந்த மாதிரி துள்ளுகிறார்கள்?

"அண்ணாச்சி, கேரம் ஆட வந்தீங்களா, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நடத்த வந்தீங்களா?" என்றார் பஷீர்.

"அதான் பஷீரே விளங்கல. என் நம்பர் ஊருக்கெல்லாம் எப்படிக் கிடைச்சது? கரெக்டா மூணு மணிக்கு ஆரம்பிக்கிறாங்க."

பஷீர் தன் போனை எடுத்தார். "எங்க வீட்டு ஜொஹரா நேத்து உங்க கடையில இட்லிப் பொடி வாங்கினா. இந்தாங்க பில்லு. அடியிலதான் எழுதியிருக்கே, நீங்க பார்க்கலியா?"

சங்கரலிங்கம் பார்த்தார். மலையாள எழுத்து. நாற்பது வருஷமாக மலையாளத்தைத் தண்ணீர் மாதிரி பேசுகிறவர்தான். எழுத்து மட்டும் அவருக்குப் பிடிபட்டதே இல்லை. ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கும். வீட்டில் மலையாளம் வாசிப்பது பாக்கியலக்ஷ்மியின் இலாகா.

"வாசிச்சுச் சொல்லு."

பஷீர் தமிழாக்கி வாசித்தார். "'இந்த பில்லில் தப்பு இருந்தால், பகல் மூன்று முதல் ஐந்து மணிக்குள் எங்கள் நிபுணர் சங்கரலிங்கத்தை நேரில் போனில் அழைத்துச் சொல்லுங்கள். ஒரு பாக்கெட் மிளகாய்ப் பொடி இலவசம்.' மலையாள பில்லுல மட்டும் போட்டிருக்காங்க போல."

ஸ்டிரைக்கர் அவர் கையிலிருந்து நழுவி உருண்டது.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் வீட்டுக்கு ஓடினார். கம்ப்யூட்டரைத் திறந்தார். டிக்கைப் போட்டார். ரசம் ரசமானது, சாயிப்பு செல்லதுரையானார். இனி எவன் தப்புச் சொல்லிக் கூப்பிடுவான்? மூச்சு வாங்கி, குரலைச் சரிசெய்துகொண்டு, அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"முடிஞ்சுது, பாக்கியம்! பெரிய போராட்டம். சர்வரைத் திருப்பி, உள்ள இருக்கிற பழைய குப்பையையெல்லாம் காலி பண்ணி, கோடிங்கை அடியோட மாத்தி..."

"டிக்கைப் போட்டுட்டீங்களா?"

சங்கரலிங்கம் சுவரைப் பார்த்தார். சுவர் ஒன்றும் உதவி செய்யவில்லை.

"உனக்கு... எப்போ தெரியும்?"

"முதல் நாளே. நான் காலையில போட்டா நீங்க மத்தியானம் எடுக்கிறீங்க. எனக்கும் கை வலிக்காதா? அதான் ஆனது ஆகட்டும்னு அதை வச்சே ஒரு விளம்பரம் பண்ணினேன். ஆர்டர் நல்லாப் பிச்சுக்கிட்டுப் போகுது."

"அப்போ இனிமே எல்லாம் சரியாயிடுச்சு இல்லையா?" என்றார் அவர், ஒரு காலை வாசல் பக்கம் வைத்தபடி.

"எங்க சரியாச்சு? கூப்பிட்டவங்களுக்கெல்லாம் 'அனுப்புறேன்'னு வாக்குக் குடுத்தது நீங்கதானே? நிபுணர் வாக்கு தப்பக்கூடாது." கரண்டியை அவர் கையில் வைத்தாள். "வாணலி காய்ஞ்சுடுச்சு. தினமும் மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் வறுத்தாலும் ஓணத்துக்குள்ள முடிஞ்சா சரி."

இதற்கு ஒரு சரியான பதில் அவரிடம் இருந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.