பிள்ளைகளைக் காக்க வந்த நோட்டீஸ்

லோவெல் ஸ்வோபோடா தட்டிய கதவுகளில் எல்லாம் அன்று ஒரே பதில்தான்.

"கஞ்சாவுக்கு ஓட்டெடுப்பா? எப்போ? எங்களுக்குத் தெரியவே தெரியாதே!"

கஞ்சாவை மருந்தாக அனுமதிக்கலாமா என்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க நவம்பரில் ஓட்டு. கூடாது என்று வீடு வீடாகச் சொல்வது லோவெலின் வேலை. சம்பளம் கொடுத்தது 'பிள்ளைகளைக் காப்போம்' குழு. குழுவுக்குப் பணம் கொடுத்தது வலி மாத்திரை தயாரிக்கும் ஒரு கம்பெனி. அதற்குப் பிள்ளைகள் மேல் திடீரென்று ஏன் இவ்வளவு பாசம் என்று லோவெல் கேட்கவில்லை. சோள விதை விற்கும் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவன், அதிகம் கேள்வி கேட்க மாட்டான்.

தலைநகரில் இருந்த மேலாளர் ஷெரிலுக்குப் போன் போட்டான்.

"மேடம், இங்க ஒருத்தருக்கும் விஷயமே தெரியல."

"தெரியலைன்னா தெரியப்படுத்துங்க! அதுக்குத்தானே காசைக் கொட்டுறோம்?"

மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு நோட்டீஸ் வந்து இறங்கியது. பன்றிப் பண்ணை எமில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருப்பா இதைக் கேக்குறது?"

"நோயாளிங்கதான். புற்றுநோய்க்காரங்க, வலிப்பு வர்ற குழந்தைங்க..."

"அடப் பாவமே. குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே!"

இதைக் கேட்டதும் ஷெரில் கொதித்தாள். "மண்டையோடு பத்தாது. எந்தெந்த நோய்க்கெல்லாம் கேக்குறாங்கன்னு மொத்தமாப் போடுவோம். ஜனங்க நடுங்கணும்!"

புது நோட்டீஸில் நோய்கள் வரிசையாக நின்றன. அடியில் கொட்டை எழுத்தில்: 'டாக்டர் சீட்டு இருந்தாலே போதுமாம்!'

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பழம் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டி விற்ற பெண்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்கள்.

"ஏய் வில்மா, தீராத முதுகுவலி இருக்குடி!"

"எங்க வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம்... இதோ, அதுவும் இருக்கு! தம்பி, டாக்டர் சீட்டு மட்டும் போதுமா? நிஜமாவா?"

"அம்மா, அது எச்சரிக்கை!"

"எச்சரிச்சதுக்கு ரொம்ப நன்றிப்பா. இந்தா, பிளம் வெச்சது, சூடா இருக்கு."

வீட்டில் மனைவி ஜேனிஸ் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புற்றுநோய் சிகிச்சைக்குப் போய்வந்தால் தன் தங்கைக்குத் தண்ணீர்கூட வயிற்றில் தங்குவதில்லை என்று அவள் தினமும் புலம்புவாள்.

"குமட்டல்னு போட்டிருக்கே, லோவெல்."

"ம்."

"நீ எந்தப் பக்கம் ஓட்டுப் போடப்போறே?"

லோவெல் ஷூவைக் கழற்றுவதில் மும்முரமானான்.

மறுவாரம் ஷெரில் கத்தினாள். "உங்க மாவட்டத்துல மட்டும் கஞ்சாவுக்கு ஆதரவு ஏறிக்கிட்டே போகுது! நீங்க சரியாச் சொல்லல. கம்பெனி இன்னும் பணம் அனுப்புது. வீடு வீடா மறுபடியும் போங்க!"

போனான். இப்போது கதவைத் தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. "மருந்துக்காரர் வந்துட்டாரு!" என்று குழந்தைகள் உள்ளே ஓடினார்கள். விட்டுப்போன நோய்களையும் சேர்க்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள்.

தேர்தல் நெருங்கிய ஒரு மதியம் டோரீன் ஹாஸ் லோவெலின் அலுவலகத்துக்குள் வந்தாள். கஞ்சா மருந்து வேண்டும் என்று அந்த மாவட்டத்தில் பிரசாரம் செய்யும் எதிர்த்தரப்பு என்றால் அவள் ஒருத்திதான். மகளுக்கு வலிப்பு. மளிகைக் கடை வாசலில் கையால் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பாள். அவள் அலுவலகப் பக்கம் வருவது தெரிந்தாலே லோவெல் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். இன்று முடியவில்லை.

அவன் எழுந்து நின்றான். "டோரீன், திட்டணும்னா திட்டிடுங்க. நியாயந்தான்."

"திட்டவா?" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்ககிட்ட ஒரு நோட்டீஸ் அடிக்கக்கூடக் காசில்ல. உங்க நோட்டீஸ்ல இன்னும் நாலு கட்டு கிடைக்குமா? பக்கத்து மாவட்டத்துக்கு நீங்க இன்னும் போகவே இல்லையாமே!"