ஈரத்துக்கு மூன்று கிலோ கழிவு

என்னைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்திருக்கிறார்கள். டாக்டருக்குப் படித்தவர்களில் இந்தப் பாக்கியம் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

கடைசி வருடம், மலைக்காட்டு வைத்தியம் பழகி வரட்டும் என்று, தேவிகுளத்துக்கு மேலே ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு ஒரு மாதம் அனுப்பினார்கள். நானோ கோபாலபுரம் என்கிற சமவெளிக் கிராமத்துத் தென்னந்தோப்புக்காரன். (எங்கள் ஊரில் மேடு என்றால் வரப்புதான்.) கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுப்பது என் வேலை. கல்லூரி வராந்தாவில் பழகிய ஸ்ட்ரெச்சரோடு போய் நின்றேன்.

"ஆள் உழுந்தா, ரெண்டு பக்கமும் மும்மூணு பேரு நிக்கோணுமுங்க" என்று ஆரம்பித்தேன்.

செல்லத்தாய் என்பவர் கையைத் தூக்கினார். "ரெண்டு பக்கமும் செடில்லா நிக்கி? நாங்க எங்கன நிக்க?"

கூட்டம் சிரித்தது. "அதெல்லாம் சமாளிச்சுக்கலாமுங்க" என்றேன். (மண்டைக்கனம்தான், வேறென்ன?)

மறுநாளே மேல்மலையில் மாரியம்மாள் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருந்தது. கண்டபடி அசைத்தால் ரத்தக்குழாய் அறுந்து காலே போய்விடும். அந்த வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கால எடுத்துராதீக தம்பி" என்று அழுதார். படித்ததெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே மறந்துபோயிற்று.

ஸ்ட்ரெச்சரை விரித்தேன். ஒற்றையடிப் பாதையில் அது இரண்டு பக்கமும் செடியில் மாட்டிக்கொண்டது. பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். அது வந்தது, நான் போனேன். நாலு வரிசை தாண்டி உருண்டு, கணுக்கால் பிசகி, சேற்றில் உட்கார்ந்தேன்.

"அவுக அங்கனயே இருக்கட்டும்" என்றார் செல்லத்தாய்.

அதற்கப்புறம் பார்த்ததை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. தலைத்துணியை மடித்து ரத்தத்தை நிறுத்தினார்கள். செடியின் மட்டம் பார்க்கும் கம்பை ஒடித்துக் காலுக்கு அணை கொடுத்தார்கள். இடுப்பில் கட்டும் முரட்டுச் சாக்கை, அதுதான் படங்கு, அவிழ்த்து நீளக் கழியில் தூளி கட்டினார்கள். முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. முன்னால் போனவளுக்கும் தூளிக்கும் நடுவே செல்லத்தாய் நுழைந்து, முறிந்த காலை இரண்டு கையிலும் ஏந்தி, அந்தச் சரிவு முழுவதையும் பின்பக்கமாகவே இறங்கினார். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கால் ஒரு விரற்கடை அசையவில்லை. அம்மாடி! நாலரை வருஷம் படித்தவன் சேற்றில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

மாரியம்மாளை ஜீப்பில் ஏற்றி அனுப்பியபின், அதே தூளி எனக்காகத் திரும்பி வந்தது. ரோட்டோரம் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. தினமும் இலை ஈரம் என்று சொல்லி எடையைக் குறைத்தெழுதும் சூப்பர்வைசர் அங்கே நின்றிருந்தார். செல்லத்தாய் மற்ற பெண்களோடு சேர்ந்து என்னைப் படங்கோடு தூக்கிக் கொக்கியில் மாட்டினார்.

"எழுவத்தெட்டு! ஈரத்துக்கு மூணு கழிச்சு எழுதுங்க சார். கொழுந்தே இல்ல, பூரா முத்தல்!"

சூப்பர்வைசர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நழுவினார்.

மாரியம்மாளின் கால் பிழைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த எலும்பு டாக்டர், "இவ்வளவு நேர்த்தியா எந்த டாக்டர் கட்டினது?" என்று கேட்டார். பிசகிய கணுக்காலோடு அதே அவசர சிகிச்சை அறையில் பக்கத்துப் படுக்கையில் கிடந்த நான், "செல்லத்தாய் டாக்டருங்க" என்றேன். கேலிக்காகச் சொல்லவில்லை.

இப்போது என் மாணவர்களை அங்கேதான் அனுப்புகிறேன். கற்றுக்கொடுக்க அல்ல. ஸ்ட்ரெச்சரைக் கீழேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

வீட்டில் நான் எடை மெஷினில் ஏறும்போதெல்லாம் மகள் சமையலறைக்குக் குரல் கொடுக்கிறாள்: "அம்மா, ஈரத்துக்கு எத்தனை கழிக்கட்டும்?"

"மூணு" என்கிறாள் மனைவி. "முத்தலுக்கு உன்ற இஷ்டம்."