முப்பது நிமிஷத்துக்காரர்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கு அடுத்தபடியாக வேளை தவறாமல் அமுது செய்கிறவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர்தான். அவர் பெயர் இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. 'முப்பது நிமிஷம்' என்றால் சின்னக் குழந்தையும் கை காட்டும்.

விடியற்காலையில் அம்மா மண்டபம் படித்துறையில் நூறு தண்டால், நூறு பஸ்கி. முடித்த முப்பது நிமிஷத்துக்குள் முளைகட்டிய பயறும் தயிரும் உள்ளே போய்விட வேண்டும். ஒருநாள் ரயிலைப் பிடிக்க அவர் ஆட்டோவில் ஏறினேன். காவிரிப் பாலத்தின் நட்டநடுவே வண்டி நின்றது.

"என்னங்க ஆச்சு?"

"நேரமாச்சு சார்" என்று தூக்குச்சட்டியைத் திறந்தார்.

"எனக்கும்தாங்க நேரமாச்சு!"

"உங்களுக்கு அடுத்த ரயில் இருக்கு. நான் இப்ப சாப்பிடலேன்னா உடம்பு என் தோளையே தின்னுடும்."

ரயில் போய்விட்டது. தோள் தப்பித்தது.

"அப்ப ஏகாதசிக்கு என்ன பண்ணுவீங்க?" என்று மடக்கினேன்.

"சாப்பிட்டா புண்ணியம் போயிடும். சாப்பிடாம தண்டால் போட்டா தசை போயிடும். அன்னைக்கு ரெண்டுக்கும் லீவு சார்."

இத்தனை கூத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் தெருவின் சின்னக் கோயிலில் இருபது வருஷம் பெருமாள் பல்லக்கைச் சுமந்தவர் அவர். போன வருஷம் டைபாய்டு வந்து பாதி ஆளாகிவிட்டார். "உங்க பக்கம் இறங்கினா பெருமாள் சாய்ஞ்சுடுவாருங்க" என்று பல்லக்குக்காரர்களின் தலைவர் நிறுத்திவிட்டார். உடம்பு தேறியதும் மனிதர் நேராகப் போனது படித்துறைக்கு.

இந்த வருஷம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்ந்தார். "தளர்ந்தா உடனே ஆளை மாத்திடுவேன்" என்றார் தலைவர். சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பி ஏழு மணிக்குத் திரும்ப வேண்டிய புறப்பாடு, வாசலுக்கு வாசல் ஆரத்தி என்று நின்று நின்று ஒன்பதாகிவிட்டது. எங்கள் வாசலுக்கு வந்தபோது அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"அண்ணே, முப்பது நிமிஷம் முடிஞ்சு மூணு மணி நேரமாச்சு! பயறு தின்னக் கிளம்பிடுவீங்களா?" என்று சீண்டினான் பக்கத்தில் சுமந்தவன்.

என் மனைவி பதறிப்போய் வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். "ஒரு வாய் போட்டுக்கங்கண்ணே, மயக்கம் வந்துடப் போவுது."

"பெருமாளே இன்னும் அமுது செய்யலியேம்மா."

"உங்க தசை?" என்றேன்.

"இதுக்குத்தானே சார் சேர்த்தது. கரையட்டும்."

பல்லக்கு ஒரு விரற்கடை சாயாமல் நகர்ந்தது. மாற்றாளாகக் கூடவே வந்தவனைத் தலைவர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

கை கூப்பி நின்ற எனக்குப் பெருமாளைச் சேவிப்பதா, அந்தத் தோளைச் சேவிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேவித்துக்கொண்டேன்.